குப்பம்மாள் ஏறிய படகு

பழவேற்காட்டில் படகு கட்டும் ஆசாரிகள் நாலைந்து பேர் இருந்தாலும், சடையப்பன் கட்டியது என்றால்தான் ஜனங்கள் கண்ணை மூடிக்கொண்டு ஏறுவார்கள். அதற்குக் காரணம் அவர் மனைவி குப்பம்மாள். நீச்சல் சுத்தமாகத் தெரியாதவள். முழங்கால் தண்ணீருக்கே சாமியைக் கூப்பிடுவாள். எந்தப் படகு கட்டி முடித்தாலும் அவளை முதல் ஆளாக உட்கார வைத்து ஏரியில் ஒரு சுற்று வருவார் மனிதர். வேறு யாருக்கு வரும் இந்தத் தைரியம்!

1954இல் ஹபிபுல்லா பாய்க்கு ஒரு பெரிய படகு கட்டினார். உப்பு ஏற்றுவதற்கான படகுதான். ஆனால் வெள்ளிக்கிழமை நிக்காஹ் முடிந்ததும் பாயின் மகள் மெஹர்னிசா அதில்தான் அக்கரைக்கு, புகுந்த வீட்டுக்குப் போக வேண்டும்.

புதன்கிழமை காலை, கரையில் நின்ற படகுக்குள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார் சடையப்பன். தண்ணீரில் விட வேண்டியதற்குள் தண்ணீரை ஊற்றுகிறாரே என்று சிரித்தவர்களுக்குத் தொழில் தெரியாது. ஓட்டை இருந்தால் வெளியே காட்டிக் கொடுத்துவிடும். காட்டியும் கொடுத்தது. அடிப்பலகை ஒன்றில் சொட்டு விழுந்தது.

"தண்ணில உட்டா மரம் ஊறி தானா அடைச்சிக்கும் ஆசாரி. ஒரு சொட்டுக்கா பேஜார் பண்ற?" என்றார் பாய்.

"சந்துல வந்தா அடைச்சிக்கும் பாய். இது பலகை நடுவுல வருது. என் ஊட்டுக்காரியயே ஏத்த மாட்டேன், உங்க பொண்ண எப்டி ஏத்துவேன்?"

ஆணிகளைப் பிடுங்கிப் பலகையைக் கழற்றினார். உள்ளே கிளை முளைத்த இடத்து முடிச்சு ஒன்று இற்றுப் போயிருந்தது. மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை.

"முடிச்சு இருந்தது எனக்குத் தெரியும். குங்கிலியம் வெச்சி அடைச்சா போதும்னு நெனச்சேன். தப்பு என்னுதுதான்."

பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். சடையப்பன் தன் வீட்டுக் கதவுக்கென்று வைத்திருந்த தேக்குப் பலகையை எடுத்துவந்து இழைத்தார். வீட்டு வாசலில் சாக்குதான் தொங்கியது. வெள்ளிக்கிழமை மறுபடி தண்ணீர் ஊற்றிப் பார்த்தபோது ஒரு சொட்டுகூட வெளியே வரவில்லை.

அதற்குள் கல்யாணக் கூட்டம் கரைக்கு வந்துவிட்டது. குப்பம்மாளை வைத்துச் சுற்றிவர நேரமில்லை. இரண்டு நாளாகப் பாய் பேசவேயில்லை என்பதால், சடையப்பன் ஒதுங்கியே நின்றார். மெஹர்னிசா படகில் கால் வைக்கப் போனாள்.

"நில்லும்மா," என்ற பாய், கூட்டத்தில் தேடினார். "ஆசாரி, உன் ஊட்டம்மா எங்க? அவங்க மொதல்ல ஏறி குந்தட்டும். அப்பறந்தான் என் பொண்ணு ஏறுவா."

சடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. பெரியபாளையத்து அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே ஏறி உட்கார்ந்த குப்பம்மாள், மணப்பெண்ணுக்குக் கை கொடுத்தாள். அக்கரை சேரும்வரை இருவரும் கையை விடவில்லை. பயந்தவள் குப்பம்மாள்தான்.