துண்டுக்கடியில் ஆறு விரல்

காலை பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் வழக்கமாக ஒருவர் உட்காருவார். அறுபது வயதிருக்கும். கோட்டு, டை, பளபளவென்று துடைத்த ஷூ. ஏதோ ஒரு அலுவலகத்தில் பெரிய பதவியில் இருப்பவர் என்பது பார்த்தாலே தெரியும். அவர் கையில் எப்போதும் ஒரு தடித்த நாவல் இருக்கும். அட்டையில் நெருப்பைக் கக்கும் டிராகன், அதன் முதுகில் வாளோடு ஒரு பெண். அந்த அட்டை ஊருக்கே தெரியும்படி நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு படிப்பார். யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஸ்காட்லாந்தின் இந்த டண்டீ நகரத்துக்கு நான் வந்து ஏழு வருடமாகிறது. குளிர் பழகிவிட்டது, மார்கழியில் நாலு மணிக்கே இருட்டுவது பழகிவிட்டது, இது மட்டும் பழகவில்லை. என் பையிலும் அதே ரகப் புத்தகம்தான் இருக்கும். ஆனால் பள்ளிக்கூடப் புத்தகத்துக்குப் போடுவதுபோல நான் அதற்குப் பழுப்பு அட்டை போட்டுவிடுவேன். ஒருமுறை பக்கத்தில் இருந்த பெண்மணி, "உங்கள் மத நூலா?" என்று மெல்லக் கேட்டார். விண்கலத்தைக் கொள்ளையர்கள் சுற்றிவளைத்திருந்த கட்டம் அது. ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். அவர் மரியாதையாகச் சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கல்யாணமான ஆண்பிள்ளை, மாதச் சம்பளம் வாங்குகிறவன், வேற்றுக்கிரகத்து ஆள் என்ன செய்தான் என்று படித்துக்கொண்டிருந்தால் நம் சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். எனக்கு இந்தப் பித்து பிடித்தது எங்கள் ஊரான மாரண்டஹள்ளியில், என் அண்ணனுக்குக் கல்யாணமான வருடத்தில். ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியில் ஒரு விண்வெளித் தொடரைத் தமிழில் மொழிமாற்றம் செய்து போடுவார்கள். வீட்டில் நான் மட்டும்தான் பார்ப்பேன். இண்டூர்ப் பக்கத்திலிருந்து மருமகளாக வந்த மல்லிகா அண்ணி முதல் வாரம் கதவோரம் நின்று பார்த்தார். அடுத்த வாரம் உட்கார்ந்து பார்த்தார். மூன்றாவது வாரம், "தம்பி, ஆரம்பிச்சுட்டாங்க, வாங்க" என்று கொல்லையில் இருந்த என்னை அவர்தான் கூப்பிட்டார். நான் அப்போது பிளஸ் ஒன். அண்ணிக்கு என்னைவிட ஐந்து வயது கூடுதல், அவ்வளவுதான்.

தொடர் பாதியில் நின்றுபோனது. கதாநாயகனின் கப்பல் ஒரு கருந்துளைக்குள் விழுந்தது, 'தொடரும்' என்று போட்டார்கள். அடுத்த ஞாயிறு அதே நேரத்தில் ஒருவர் வெங்காயம் நறுக்கும் இயந்திரம் விற்றுக்கொண்டிருந்தார். இரண்டு வாரம் அந்த இயந்திரத்தையே பார்த்தோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணி அசரவில்லை. "நிறுத்தினா நிறுத்திட்டுப் போறாங்க. அந்தத் தொளைக்கு அந்தாண்ட எதாச்சும் ஒரு ஊரு இருந்துதான தம்பி ஆவணும்? நாமளே ஓட்டிக்கலாம்" என்றார். தக்காளியில் கனிந்ததையும் காயையும் பிரித்துப் போட்டுக்கொண்டே கதை சொல்ல ஆரம்பித்தார். பிறகு ஒரு நீள நோட்டில் எழுதவும் தொடங்கினார். எழுத்து அவருடையது, ஓரத்தில் கப்பல் படங்கள் என்னுடையவை. அந்த ஒரு வருடம் போல நான் பிறகு எந்த நூலகத்திலும், எந்தப் பெரிய திரையிலும் சந்தோஷப்பட்டதில்லை.

அந்த நோட்டில் இருந்த கடைசிக் கதையைத்தான் இங்கே சொல்ல வேண்டும். அண்ணியின் அப்பா மாட்டுத் தரகர். மாட்டுச் சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்வதில்லை என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். இருவரும் கைகளின் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, அதற்கடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்தே பேசி முடிப்பார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, முழுக் கையையும் பிடித்தால் ஐந்து. துண்டை எடுத்துவிட்டால் பேச்சு முடிந்தது, பிறகு மாற்றிப் பேசுவது மானக்கேடு. அண்ணியின் கதையில் கருந்துளைக்கு அந்தப் பக்கம் இருந்தது அவர் அப்பாவின் சந்தைதான். அங்கே மாடுகளுக்கு நடுவே ஒரு கப்பல் இறங்குகிறது. வந்தவர்களின் கிரகத்தில் எதை விதைத்தாலும் முளைப்பதில்லை. வெள்ளாமை தெரிந்த ஆட்கள் சிலரை அழைத்துப் போக வேண்டும். தரகர் துண்டைப் போடுகிறார், ஐந்து பேர் தருகிறேன் என்று வந்தவரின் முழுக் கையையும் பிடிக்கிறார். வந்தவருக்குக் கைக்கு ஆறு விரல். துண்டு விலகியதும் இரண்டு பேரும் திருப்தியாகச் சிரிக்கிறார்கள். ஐந்து பேர் ஏறியபிறகு கப்பலின் கதவு மூடவில்லை, உள்ளே ஆறாவது இருக்கை காலியாக இருக்கிறது. கொடுத்த வாக்குக்கு ஆறாவது ஆளைத் தரகர் எங்கே போய்த் தேடுவார்? அவர் கப்பலின் வாசலில் ஒரு காலை வைத்தபடி நின்றுவிடுகிறார். நோட்டில் கதை அங்கே நின்றது.

அந்தச் சமயத்தில்தான் அண்ணன் மகளுக்குக் காது குத்தினோம். வீடு நிறைய ஆட்கள். எங்கள் தாய்மாமன், மொய் எழுத ஒரு நோட்டுத் தேடப்போய், அலமாரியிலிருந்து அண்ணியின் கதை நோட்டை எடுத்துவிட்டார். கூடத்தின் நடுவில் நின்று சத்தமாகப் படித்தார். "மாடு புடிக்க வானத்துலருந்து வரானாமேப்பா! ஆறு வெரலாம்! ஏன்டா, நீயா எழுதுன?" என்று என்னைப் பார்த்தார். பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்திருந்த பெருமையில் புதுச் சட்டையோடு நின்றிருந்தேன். "நான் இல்லீங்க மாமா, அண்ணி எழுதறாங்க" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன் என்று பல வருடம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஓரத்தில் இருந்த படங்களைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. மாமா சமையல் பக்கம் திரும்பி, "ஏம்மா மல்லிகா, சாம்பாருக்கு உப்பு இங்க போட்டியா, வானத்துல போட்டியா?" என்றார். வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். அண்ணி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, "சும்மா பொழுது போவாம எழுதனதுங்க" என்று நோட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு அதை நான் பார்க்கவில்லை.

டண்டீயில் எங்கள் பகுதி நூலகத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை விஞ்ஞானக் கதைப் பிரியர்கள் கூடுகிறார்கள். நடத்துபவர் மொய்ரா என்கிற அம்மாள், பள்ளிக்கூடச் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபது வயதில் காதில் ராக்கெட் தோடு போட்டிருப்பார். நான் இரண்டு வருடம் யோசித்து, பழுப்பு அட்டைப் புத்தகத்தோடு போய் ஒரு மூலையில் உட்கார்ந்தேன். போன வருடம் ஒரு கூட்டத்தில் ஆளுக்கொரு கதை சொல்ல வேண்டும் என்றார்கள். எனக்குச் சொல்லத் தெரிந்த கதை ஒன்றுதான். சந்தையைச் சொன்னேன், துண்டைச் சொன்னேன், மொய்ராவின் கையைப் பிடித்தே காட்டினேன். ஆறு விரல் என்றதும் அறையே ஆரவாரித்தது. முடிவுதான் என்னிடம் இல்லை. அந்த நிமிடத்தில் தோன்றியபடி தரகரையே கப்பலில் ஏற்றி, ஜன்னல் வழியே சந்தை சிறுத்துப் போவதைப் பார்க்க வைத்து முடித்தேன். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எவ்வளவு அழகான நாட்டுப்புறக் கதை! எத்தனை நூற்றாண்டுப் பழமை இருக்கும்?" என்று மொய்ரா கேட்டார். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. எங்கள் ஊரிலிருந்து எது வந்தாலும் அது ஆயிரம் வருடத்துப் பழசாகத்தான் இருக்க வேண்டுமா? எங்களில் ஒருவர் தானாக உட்கார்ந்து வேற்றுக்கிரகத்தைக் கற்பனை செய்ய மாட்டாரா? "நாட்டுப்புறக் கதை இல்லை. இது கற்பனை" என்றேன். "யாருடைய கற்பனை?" என்றார். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "என்னுடையது" என்றேன். ஏளனம் செய்ய ஆள் இருந்தபோது அண்ணியைக் கை காட்டியவன், கை தட்ட ஆள் கிடைத்ததும் என்னையே காட்டிக்கொண்டேன். அன்று வீட்டுக்குப் போனதும், அதைத் திருத்திச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் அடுத்த கூட்டத்தில் அவர்கள் தங்கள் சிறுபத்திரிகைக்குக் கேட்டபோது, அதை எழுதி, என் பெயரைப் போட்டு, என் கையாலேயே கொடுத்தேன்.

இந்த வருடம் மொய்ரா ஒரு படிவத்தைக் கொண்டுவந்து நீட்டினார். ஒரு தொகுப்பு நூலில் அந்தக் கதையைச் சேர்க்கிறார்களாம். 'இது முழுக்க முழுக்க என் சொந்தப் படைப்பு' என்று எழுதி, கீழே கோடு போட்டிருந்தார்கள். மே மாத விடுமுறையில் ஊருக்குக் கிளம்பும்போது அந்தப் படிவமும் சிறுபத்திரிகையும் என் பெட்டியில் இருந்தன. அண்ணியிடம் சொல்லிவிடுவது என்றுதான் எடுத்துப் போனேன். ஒரு வாரம் சொல்லவில்லை. சொன்னால் அண்ணி என்னை இனி எந்தக் கண்ணோடு பார்ப்பார் என்ற பயம். சொல்லாமல் கையெழுத்துப் போட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்பதும் மனதில் ஓடாமல் இல்லை.

ஒரு காலையில் அண்ணன் தக்காளி லோடு ஏற்றிக்கொண்டு ஓசூருக்குப் போயிருந்தான். அண்ணி பருப்பு டப்பாவின் மேல் போனைச் சாய்த்து வைத்து, ராஜாக்களும் டிராகன்களும் வரும் ஒரு தொடரைப் பார்த்துக்கொண்டே அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். தலையில் நரை வந்துவிட்டது. "இப்பெல்லாம் எல்லாமே தமிழ்ல பேசுதுங்க தம்பி. ஒளிஞ்சு பாக்க வேண்டியதில்ல" என்றார். நான் எதிரில் உட்கார்ந்து பத்திரிகையைப் பிரித்தேன். யார் பெயரில் வந்தது என்று சொல்லாமல், அதில் இருந்த கதையை வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். அண்ணி போனை நிறுத்தினார். துண்டு வந்ததும் அவர் கையில் இருந்த அவரைக்காய் அப்படியே நின்றது. ஆறு விரல் வந்ததும் சிரித்தார். தரகர் கப்பலில் ஏறியதும் நிமிர்ந்தார்.

"ஏத்தி வுட்டுட்டீங்களா?"

"நோட்டுல முடிவே இல்லீங்களே அண்ணி."

"எப்படி இருக்கும்? காதுகுத்துக்கு அப்பறம் நான் எழுதலீங்களே தம்பி."

இத்தனை வருடம் அந்தக் கதையை அவர் வேண்டுமென்றே அப்படி நிறுத்தியிருந்தார் என்று நினைத்திருந்தேன். தலையைக் குனிந்துகொண்டேன்.

"பேரு யாரு பேரு போட்டிருக்குது?" என்றார் அண்ணி.

பத்திரிகையைத் திருப்பிக் காட்டினேன், தொகுப்பு நூலுக்கான படிவத்தையும் பக்கத்தில் வைத்து விவரத்தைச் சொன்னேன். ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தார். என் பெயரை முழுதாகப் படித்து முடித்தபிறகுதான் பேசினார். குரல் உயரவில்லை.

"அன்னிக்கு அத்தன பேரு முன்னால, அண்ணி எழுதறாங்கன்னு சொல்ல வாய் வந்துச்சு இல்லீங்களா தம்பி? அங்கயும் அதையே சொல்லியிருக்கலாமே."

அவரைக்காய்த் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். என்னை அவர் திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அதற்கும் வழியில்லாமல் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அன்று பகல் முழுக்க எனக்குச் சாப்பாடு போட்டார், மோர் கொடுத்தார், போனில் தொடரின் மிச்சத்தைப் பார்த்தார். மறுநாள் நான் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது வந்து நின்றார். "பேப்பர எடுங்க. மல்லிகா, மாரண்டஹள்ளின்னு போடுங்க, ஊரு பேரும் வரணும். இங்கிலீசுல மாத்தனது நீங்கன்னு கீழ போட்டுக்கங்க. முடிவ நான் சொல்றன்" என்றார்.

அவர் சொன்ன முடிவில் தரகர் ஏறவில்லை. வாசலில் நின்றபடி தோளில் கிடந்த துண்டை எடுத்து வந்தவரின் கைமேல் மறுபடி போடுகிறார். "தப்பு என்னுதுங்க. உங்க வெரல எண்ணாம புடிச்சுட்டன். மறுக்கா பேசலாம்" என்கிறார். ஒரு தரகர் தன் வாயால் தப்பென்று சொன்னதை அந்தச் சந்தை அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டது என்று கதை முடிகிறது. அண்ணி சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எழுதி முடித்ததும், "சரியா இருக்குதுங்களா?" என்று கேட்டார். படிவத்தை இழுத்து அவர் பெயரை எழுதினேன்.

போன சனிக்கிழமை நூலகத்தில் எழுந்து நின்று, கதை யாருடையது என்பதையும் நான் செய்ததையும் சொன்னேன். மொய்ரா என் முகத்தைப் பார்க்காமல், "அவர் எழுதிய முடிவைப் படியுங்கள்" என்று மட்டும் சொன்னார். படித்தேன். கடைசி வரி முடிந்ததும் எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். தட்டியவர்களில் ஒருவர்கூட என் பக்கம் பார்க்கவில்லை. இங்கே இல்லாத ஒருவருக்கு அத்தனை பேர் கை தட்டியதை அவர் கேட்க வேண்டும் என்று அவசரமாகப் போனை உயர்த்திப் பிடித்துப் பதிவு செய்து அனுப்பினேன்.

பத்து நிமிடத்தில் அண்ணியின் குரல் வந்தது. பின்னால் குக்கர் கூவியது. "கேட்டனுங்க தம்பி. நாலு வாட்டி போட்டுக் கேட்டன். இதுல உங்க கை எதுங்க?"

நான் கை தட்டியிருக்கவில்லை. ஒரு கையில் போன் இருந்தது, இன்னொரு கையில் அவர் கதை இருந்தது.