முச்சந்தித் தக்காளி

எட்டு வயதில் எனக்குத் தர்மபுரி மாவட்டத்தைவிட ஜெர்மனியில் இருக்கும் ஒரு மாவட்டத்தைப் பற்றித்தான் அதிகம் தெரியும். சின்னச் சின்னக் குன்றுகள், கோதுமை, சர்க்கரை எடுக்கிற கிழங்கு, ஊருக்கு வெளியே காற்றாலைகள். காட்டோரக் கிராமத்தில்கூடத் திருகாணி செய்யும் தொழிற்சாலை இருக்குமாம். ஞாயிற்றுக்கிழமை புல் வெட்டும் இயந்திரத்தை ஓட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவாராம். இத்தனையும் சொன்னவள் என் அத்தை மகள். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள்.

அத்தை அங்கே முதியோர் இல்லமொன்றில் நர்ஸ். மாமா தவறிய பிறகு முதல்முறையாகக் கோடை விடுமுறைக்கு மகளோடு பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அவள் வந்த நாளிலிருந்து அப்பா எனக்கு அப்பாவாக இல்லை. வண்டியில் முன்னால் அவள், பின்னால் நான். மாம்பழத்தில் சதைப்பகுதி அவளுக்கு, கொட்டை எனக்கு. எனக்கு வயிறு எரிந்தது.

"எங்க மாவட்டத்துல நம்பர் பிளேட்டுலயே மாவட்டத்தோட எழுத்து இருக்கும்" என்றாள் ஒருநாள்.

"எங்களுக்கும் இருக்குது. டிஎன் 29" என்றேன். அப்பா அவளைப் பார்த்துத்தான் சிரித்தார்.

அந்த வாரம் தக்காளி விலை விழுந்து, பறித்தது வீட்டிலேயே கிடந்தது. அவளுக்கு ஒரு யோசனை. அவர்கள் ஊரில் விவசாயிகள் தெருமுனையில் மேசை போட்டுக் காய்கறியும் ஒரு டப்பாவும் வைத்துவிட்டுப் போய்விடுவார்களாம். வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டு காசைப் போடுவார்களாம். காவலுக்கு யாரும் கிடையாதாம்.

"இங்க வெச்சா மேசையே காணாம போயிடும்" என்றேன். அப்படியே காணாமல் போக வேண்டும் என்று மனதார விரும்பினேன். அப்பா என்னை முறைத்துவிட்டு அவளுக்கு முக்காலி எடுத்துக் கொடுத்தார்.

எங்கள் மண்பாதை பஸ் ரோட்டில் சேரும் முச்சந்தியில் அவள் கடை வைத்தாள். முக்காலிமேல் சிவப்புத் துணி. நடுவில் ஒரு பூசணிக்காய், சுற்றிலும் தக்காளி, அழகுக்கு எலுமிச்சையும் பச்சைமிளகாயும். அவளுக்குத் தமிழ் எழுத வராது. அட்டையில் கரியால் ஜெர்மன் மொழியில் ஏதோ எழுதிச் சாய்த்து வைத்தாள். அன்று அமாவாசை.

திருடனைக் காண நான் புளியமரத்தின் பின்னால் ஒளிந்துகொண்டேன். சைக்கிளில் வந்தவர் இறங்கி, தூரமாக ஒதுங்கி, உருட்டிக்கொண்டு போனார். களையெடுத்துவிட்டு வந்த பெண்கள் பிள்ளைகளை இழுத்துப் பிடித்தார்கள். "தாண்டிடாதீங்கடி, யாரோ திருஷ்டி கழிச்சு வெச்சிருக்காங்க" என்றாள் ஒருத்தி. மேய வந்த ஆட்டைக்கூட அதன் சொந்தக்காரர் கல்லெறிந்து திருப்பினார்.

சாயங்காலம் முக்காலி வைத்தபடியே வீடு திரும்பியது.

"ஒண்ணுகூடத் திருடு போகல மாமா. எங்க ஊர் மாதிரியே நல்லவங்க" என்று அவள் குதித்தாள். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அப்பா என் கையை வலிக்கும்படி இறுக்கிப் பிடித்தார். அவருடைய பார்வை அவள்மேல் இல்லை, கதவோரம் நின்ற அத்தைமேல் இருந்தது.

"பாத்தியாம்மா, நம்ம ஊரு ஒண்ணும் மோசமில்ல. புள்ளைய இங்கயே பள்ளிக்கூடத்துல சேத்துடலாம்."

அத்தை சிவப்புத் துணியை உதறி மடித்தார். "ஏன் ஒருத்தரும் தொடலன்னு உனக்குத் தெரியாதாண்ணா?" என்றார் மெதுவாக.

அப்பா முக்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். எனக்காக அத்தை அவளை மட்டம் தட்டிவிட்டார் என்று நான் பூரித்துப்போனேன்.

விடுமுறை முடிந்து இருவரையும் விமானம் ஏற்றிவிட்டு வந்த அன்று அப்பா சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். பயணக் களைப்பு என்றாள் அம்மா. அப்பா இனி எனக்கு மட்டும்தான் என்ற சந்தோஷத்தில் நான் இரண்டாவது முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.