மச்சாள் கொண்டுவந்த வௌவால் கறி

எனக்கு முட்டு வருத்தம். மாரி தொடங்கினால் மூச்சு இழுக்கும். கணவரின் அக்கா, அதாவது என் மச்சாள், ஆஸ்பத்திரி மருந்தைக் கணக்கிலேயே எடுக்கமாட்டார். இழுப்புக்கு வௌவால் இறைச்சிதான் மருந்து, அதுவும் தின்பவருக்குத் தெரியாமல் கொடுத்தால்தான் கேட்கும் என்பது அவர் கட்சி. அதனால் அவர் கறிச்சட்டியோடு தன் ஊரான கட்டைபறிச்சானில் பஸ் ஏறினார் என்றாலே திருகோணமலையில் நான் உஷாராகிவிடுவேன். கோழிக்கறி என்பார், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. பொய் சொல்லத் தெரியாத மனுசி.

போன மாரியில் வந்த சட்டியைக் கிளறினேன். எலும்பு ஈர்க்குப் போல நீண்டு மெலிந்திருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள்; என்னிடமா? சிரிப்பை அடக்கிக்கொண்டு நிமிர்ந்தால், மச்சாளின் பெருவிரலில் சீலைத்துண்டு சுற்றியிருந்தது. மாமரத்தில் போட்ட பழைய மீன்வலையில் சிக்கியதைக் காலையில் உரிக்கும்போது கத்தி வெட்டிவிட்டதாம். வாய் தவறி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. காயத்தைக் குழாயடியில் சவர்க்காரம் போட்டுக் கழுவியபடியே வகுப்பு எடுத்தேன். பறக்கிற உழைப்பில் வௌவாலின் உடம்பு கொதிக்கும். அதைத் தாங்கிப் பழகிய உடம்பு, வைரஸோடும் மல்லுக்கட்டாமல் அதை அடக்கி வைத்திருக்கப் பழகிவிட்டது என்கிறார்கள். கூட்டமாக ஒட்டித் தொங்குவதால் வைரஸ் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும்; பெரும்பாலும் அவற்றுக்கு நோவே தெரியாது. எச்சில் பட்ட பழத்தாலோ மூத்திரத்தாலோ இரத்தத்தாலோ வேறு உயிருக்குத் தாவினால்தான் வில்லங்கம்.

கறியில் இருந்து தப்பத்தான் கதை விடுகிறேன் என்று மச்சாள் நினைத்தார்.

"கொதிச்ச கறியால எனக்கு ஒண்டும் வராது மச்சாள். பச்சையா உரிச்ச உங்களை நினைக்கத்தான் பயமாக் கிடக்கு. உங்களுக்கு ஒண்டெண்டா என்னால தாங்க ஏலாது."

ஆஸ்பத்திரிக்குப் போய்க் காயத்தைக் காட்டுவோம் என்றேன். மச்சாள் உடனே செருப்பைப் போட்டார்.

ஆஸ்பத்திரியில் தாதி காயம் எப்படி வந்தது என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன். மச்சாளோ ஊசிக்குக் கையை நீட்டிக்கொண்டே, "எனக்கு ஒண்டெண்டா இவள் தாங்கமாட்டாளாம்" என்றார். திரும்பி வரும்போது ஓட்டோக்காரரிடமும் அதையே சொன்னார். நல்ல காலம், மச்சாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊருக்குப் போனதும் வலையைக் கழற்றிவிட்டார். வௌவால் கடித்த பழத்தை ஒருவரும் தொடக்கூடாது என்று அயலுக்கெல்லாம் இப்போது அவர்தான் வகுப்பு எடுக்கிறார். ஏன் என்று கேட்டால் வைரஸைப் பற்றி ஒரு சொல் வராது. "என்ர தம்பி பெண்சாதி அழுதிடுவாள்" என்பாராம்.