குழாயைத் திறந்து பார்க்கிறவர்

பம்மல் பக்கம் பஸ் திரும்பினாலே அந்த வீட்டு புரோக்கர் ஞாபகம் வந்துவிடும். ஒல்லியான உடம்பு, காதோரம் ஒரு பேனா. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் குழாயைத் திறந்து கையை நீட்டுவார். அறைகளைப் பார்ப்பதெல்லாம் அப்புறம்தான்.

அங்கே எனக்கு வாடகை வீடு பிடித்துக் கொடுத்தவர் அவர். ஊரடங்கில் நான் பாடம் நடத்திய டியூஷன் சென்டர் மூடியது. வாடகை கொடுக்க முடியவில்லை. வீட்டுக்காரம்மா காலி செய்யச் சொல்லிவிடுவாரோ என்று பயந்து, மாடியில் அவர் குரல் கேட்டாலே கதவைச் சாத்திக்கொள்வேன். எப்படியோ கேள்விப்பட்டு புரோக்கர் வந்தார்.

“இன்னா சார், பட்ச்சவரு இப்டி ஒளிஞ்சிகினு கீறீங்க? நீங்க குட்த்த அட்வான்ஸ் அங்க சும்மாதான தூங்கினு கீது? அதுல கழிச்சிக்கச் சொல்லலாம்.”

என்னையும் மாடிக்கு இழுத்துப் போனார். “சார் ஓடிப்போற ஆளு இல்லம்மா. பயந்தாங்கொள்ளி, அவ்ளோதான்” என்றார். அந்தம்மா சிரித்துவிட்டார். வீடு தப்பியது.

“உங்களுக்கு என்ன தரட்டும்?” என்றேன்.

“ஒண்ணும் வேணாம் சார். அடுத்த வூடு என் மூலமா பாருங்க, போதும்.”

சரி என்று வாக்குக் கொடுத்தேன். ஆனால் நிலைமை சீரானதும், கமிஷன் மிச்சமாகுமே என்று போனிலேயே தேடி, பெருங்களத்தூரில் நானே வீடு பிடித்தேன்.

சாமான் ஏற்றும்போது அவர் வந்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

“குழாயத் தொறந்து பாத்தீங்களா சார்?” அவர் கேட்டது அது ஒன்றுதான்.

பார்த்தேன் என்று பொய் சொன்னேன்.

இங்கே தண்ணீர் நன்றாகவே வருகிறது. வராமல் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.