தாளில் இல்லாத பாதை

நாங்கள் குடிபெயர்ந்து வந்த ஆங்கில நகரில், கோலியர்ஸ் வுட் நூலகத்தில் ஆறு பேர் இருந்தோம். அப்பா இல்லை. "நீ வாசிச்சது காணும், இனி வேண்டாம்" என்று வர மறுத்துவிட்டார். நிலத்தைக் கொடுத்து, மீன்பிடி உரிமையை ஒப்பந்தத்தில் எழுதி வைத்துக்கொண்ட அமெரிக்கப் பூர்வகுடிகளைப் பற்றிய பேச்சு. திரையில் காயும் வலையைக் கண்டதும் மன்னார்க் கரையின் மீன் வெடுக்கு மூக்கில் ஏறியது.

அந்தக் கரையில் இருந்தபோது எனக்குப் பத்து வயது. எங்கள் வீட்டில் எழுத்துத் தெரிந்தவன் நான் மட்டும்தான். கரையை இராணுவ முகாமுக்குக் கொடுக்கும் தாளை மாதா கோயில் விறாந்தையில் உரக்க வாசித்தேன்.

"கடல் எங்களுக்குத்தானே, தம்பி?" அப்பா கேட்டார்.

"ஓம் அப்பா, போட்டிருக்கு."

"பிறகென்ன, படிச்ச துரையே சொல்லிட்டார்!" என்று பெரியப்பா சிரித்தார். எல்லோரும் பெருவிரல் அடையாளம் வைத்தார்கள்.

கடலுக்குப் போகும் பாதையைப் பற்றித் தாளில் ஒரு வரியும் இல்லை. நான் கவனிக்கவில்லை. மறுவாரம் பாதையை மறித்து முட்கம்பி அடித்தார்கள்.

"கேள்வி ஏதும் இருக்கா?" என்று பேச்சு முடிந்ததும் நூலகத்தில் கேட்டார்கள். நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். கடலில் இறக்க வழியில்லாமல் மணலிலேயே உக்கி உதிர்ந்துபோனவை பதினொரு வள்ளங்கள்.