துல்மா திருப்பிக் கொடுத்த சட்டி

எனக்குப் படிப்பு நாலு வருஷம்தான். இன்று எங்கள் தலைநகர் உலான்பாத்தரில் ஒன்பது லாரி ஓட்டுகிறேன் என்றால் அது என் முதுகு சம்பாதித்தது. எவன் தயவும் இல்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். துல்மாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் மட்டும் அந்தப் பேச்சு எடுபடவில்லை.

துல்மா கால்நடை மருத்துவர். நகர எல்லையில் இறைச்சி லாரிகளைச் சோதிக்கும் சாவடியில் வேலை. அவள் சான்றிதழில் நீல முத்திரை விழுந்தால்தான் சுமை சந்தைக்குப் போகும். அந்த முத்திரையைக் கயிற்றில் கட்டி அங்கிக்குள் போட்டிருப்பாள். கொட்டும் பனியில் லாரிமேல் ஏறி ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பாள். ஒருநாள் ஒரு ஈரல் சரியில்லை என்று பாதிச் சுமையை இறக்கச் சொன்னாள்.

"ஒரு ஈரலுக்கா தாயி இவ்வளவு ஆட்டம்?"

"உங்க வீட்டுல சமைச்சுத் தின்பீங்களா நொரோவ் அண்ணே? சொல்லுங்க, விட்டுடறேன்."

பாதிச் சுமையையும் இறக்கினேன்.

எங்கள் நாட்டைத் தாங்கியிருந்த ரஷ்யக்காரன் மூட்டை கட்டிக் கிளம்பியதும் விலைவாசி பிய்த்துக்கொண்டு கிளம்பியது. புத்தாண்டில் முழு ஆடு வாங்கிய அவள் சம்பளத்துக்கு இலையுதிர் காலத்தில் ஒரு தொடைதான் வந்தது. பிறகு மூன்று மாதம் சம்பளமே வரவில்லை. ரொட்டி வரிசையில் அவளைப் பார்த்தேன், அங்கி தோளில் தொங்கியது. மறுநாள் அவள் வீட்டுக்கு ஒரு சட்டி நிறைய ஆட்டிறைச்சி கொண்டுபோனேன். இரக்கம்தான். சாவடியில் காத்திருந்து அலுத்துப்போனதும் உண்டு.

வந்த பாத்திரத்தை எங்களில் யாரும் வெறுமையாகத் திருப்ப மாட்டோம். ஒரு துண்டு உலர்ந்த தயிர்க்கட்டியாவது போடுவோம். துல்மா ஒவ்வொரு டப்பாவாகத் திறந்தாள். எல்லாம் காலி.

"இருக்கட்டும்மா, அடுத்த தடவை பாத்துக்கலாம்."

"வெறுஞ்சட்டியா? என்னைப் பிச்சைக்காரின்னு நெனச்சீங்களா?"

அவளிடம் வேறென்ன இருந்தது? எழுதாத சான்றிதழ் ஒன்றில் கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, சட்டிக்குள் போட்டாள். "இதைக் காட்டினா சோதனையில்லாமப் போகலாம். ஒரே ஒரு தடவைதான் அண்ணே. நல்ல சுமைக்கு மட்டும்."

சத்தியம் செய்தேன். அடுத்த வாரமும் சட்டியோடு போய் நின்றேன்.

அவள் மேலதிகாரி லுவ்சானுக்கு விஷயம் எட்டியது. வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டே அவர் அறைக்குப் போனாள். அவர் கதவைச் சாத்தினார். "உனக்கு மட்டும்தான் பசியா? மாசம் இருபது எழுதாத சான்றிதழ், உன் கையெழுத்து முத்திரையோட, என் மேசைக்கு வரணும்." யாரிடம் போய் முறையிடுவாள்? அவருக்கு மேலே இருந்தவர்களுக்கும் அதே பசி.

வசந்தத்தில் நோய் கண்ட மாட்டிறைச்சி தின்று இரண்டு பேர் செத்தார்கள். லுவ்சான் விற்ற சான்றிதழில் வந்த சுமை அது. கையெழுத்து துல்மாவுடையது. அவளுக்கு நாலு வருஷம் சிறை, அவருக்குப் பெரிய நாற்காலி.

விடுதலையாகி வந்தவளிடம் அதே சட்டியில் இறைச்சி கொண்டுபோனேன். மறுக்காமல் எடுத்துக்கொண்டாள். சட்டியைக் கழுவி, துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள். உள்ளே ஒன்றுமில்லை.

"அன்னைக்கே இப்படிக் கொடுத்திருக்கணும் அண்ணே," என்றாள்.

லாரிவரை நடந்தேன். காலிச் சட்டியின் மூடி வழியெல்லாம் கடகடவென்று ஆடிக்கொண்டே வந்தது.