செவப்புக் கண்ணாடித்தாள்

சிவகாசியில நான் வேலை பார்க்குற அச்சகத்துல பட்டாசு டப்பா லேபிளை டிசைன் பண்றது நானும் பக்கத்து சீட்டுக்காரியும்தான். முதலாளி ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி குட்டி வயர்லெஸ் கீபோர்டு வாங்கித் தந்தாரு. கீயெல்லாம் வெள்ளை வெளேர்னு எரியும், கண்ணு கூசும்.

ஒருநாள் அவ கீபோர்டைக் கழட்டி, உள்ள இருந்த லைட்டு மேல டப்பா சுத்துற மஞ்சள் கண்ணாடித்தாளை ஒட்டிட்டா. அம்புட்டுதான். மெஷின்காரங்க வரைக்கும் வந்து பார்த்துட்டுப் போனாக. அந்தத் தாளு என் காலடியிலயும்தான் கெடந்துச்சு. எனக்கு ஏன் தோணலைன்னு வயிறு எரிஞ்சுச்சு.

மறுநாளே என்னோடதுல செவப்புத்தாளை ரெண்டு மடிப்பா ஒட்டினேன்.

மத்தாப்பு லேபிள் புரூஃப் கைக்கு வந்த நேரம் கரண்டு போச்சு. ஸ்கிரீன்ல கலர் சரியாத் தெரியணும்னு எங்க ரூம்ல சன்னலை மூடித்தான் வச்சிருப்போம். கீபோர்டு வெளிச்சம் மட்டும்தான். புரூஃபை அதுகிட்டப் பிடிச்சேன். வெள்ளைத்தாளே செவந்துபோய், செவப்பு எழுத்து பூராவும் அதுக்குள்ள மறைஞ்சிருச்சு. சரின்னு நான் கையெழுத்துப் போட்டாத்தான் அச்சுக்குப் போகும்; அதுக்காக மெஷின்காரர் வாசல்ல நிக்காரு. படிச்ச மாதிரி தலையை ஆட்டிட்டுக் கையெழுத்துப் போடப் போனேன்.

அவ தன் கீபோர்டை என் பக்கம் தள்ளினா. "இதுல பாருங்கக்கா."

பார்த்தா, ஒரு வரி ரெண்டு தடவை வந்திருக்கு.

அதோட விட்டிருந்தாக்கூடப் பரவாயில்ல. "ஆனா உங்க செவப்புதான்க்கா அழகு. எனக்கும் ஒட்டித் தாறீகளா?"ன்னு மெய்யாவே கேட்டா.

ஒரு பொட்டுப் பொறாமையாச்சும் அவ மூஞ்சியில இருந்திருந்தா, அன்னைக்கே அவளை மன்னிச்சிருப்பேன்.